முப்பத்தாறு மார்க்

அத்தியாயம் 14

பேப்பர்காரனின் சைக்கிள் மணி கேட்டதும் சாமுண்டீஸ்வரி பல் விளக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, வாயில் நுரையோடு கிணற்றடியிலிருந்து ஓடினாள். ஓடியும் பிரயோஜனம் இல்லை. அப்பா ஜெயவேலு விடிந்ததும் விடியாததுமாகக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, கேட்டருகில் நின்றிருந்தார். 'பட்டணச் செய்தி' நேராக அவர் கையில் போய் விழுந்தது.

இரண்டு வருஷமாக அந்தப் பேப்பர் சேலையூர் வீட்டுக்கு வருகிறது. மகள் வேலை பார்க்கிற பேப்பர் என்பதற்காக வருகிறது. ஜெயவேலு அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. படிக்கத் தெரியாது. சாயங்காலம் ஆனால் அதை மூலைக்கு மூலை சரியாக மடித்துப் பரண்மேல் அடுக்குவார். எடைக்குப் போட விட மாட்டார்.

"சாமுண்டி! வாயக் கொப்பளிச்சிகினு வா. உங்கண்ணன் சிட்டி படத்தைப் பத்தி போட்டுகீறானா பாரு. எத்தினி மார்க்கு குடுத்துகீறான்னு சொல்லு."

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா அஞ்சம்மாளும் கையை உதறிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

சாமுண்டீஸ்வரிக்கு வாய் கொப்பளிக்க வெகுநேரம் ஆனது.

எத்தனை மார்க் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மார்க் அவளால் வந்தது என்பதும், அந்த விமர்சனத்தை எழுதியதே அவள்தான் என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

*

வீட்டைப் பொறுத்தவரை அவள் பேப்பர் ஆபீசில் எழுத்துப்பிழை பார்க்கிறவள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை வெளியே சொல்லக்கூடாது என்பது சினிமாப் பக்கம் பார்க்கிற பத்ரிநாராயணன் போட்ட சட்டம். 'பட்டணச் செய்தி'யில் விமர்சனத்துக்குக் கீழே பெயர் வராது. 'மூவர் குழு' என்று மட்டும்தான் வரும். அந்த மூவரில் ஒருவர் பத்ரிநாராயணன், ஒருவர் பெண்கள் பக்கம் எழுதும் யூனிஸ். மூன்றாவதாக, ஏழு மாதத்துக்கு முன்னால், இவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்ரிநாராயணன் சட்டம் போடுவதில் மன்னன். ஓசி டிக்கெட் கூடாது. பத்திரிகைக்காரர்களுக்குப் போடுகிற தனிக் காட்சிக்குப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, மூன்று பேரும் மூன்று வரிசையில் தனித்தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் வரை படத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. கிழித்த டிக்கெட்டின் முதுகில் நூற்றுக்கு இத்தனை என்று எழுதி, அவருடைய டிபன் பாக்ஸ் மூடியில் கவிழ்த்துப் போட வேண்டும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மார்க். அதை எழுத்தால்தான் அச்சடிப்பார்கள். ஒருமுறை அச்சுக்கோத்தவர் எண்ணை முன்பின்னாக மாற்றிப் போட்டு, தேறாத படம் ஒன்றுக்கு எழுபத்து இரண்டு கிடைத்து, தயாரிப்பாளர் ஆபீசுக்கே மாலையோடு வந்துவிட்டாராம்.

கடைசிச் சட்டம் ஒன்று உண்டு. மூவரில் யார் ஆகக் குறைவாகப் போட்டார்களோ அவர்தான் விமர்சனத்தை எழுத வேண்டும்.

"குறைச்சவங்க காரணம் சொல்லணும்மா. சும்மா குறைச்சிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது" என்பார் பத்ரிநாராயணன்.

நாற்பது வந்தால் படம் சுமார். நாற்பத்தைந்து என்றால் நல்ல படம். ஐம்பதைத் தொட்டது அவர் காலத்தில் இரண்டே படங்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தியேட்டர்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த மார்க் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார்கள். நாற்பதுக்குக் கீழே என்றால் திங்கட்கிழமை படப்பெட்டி திரும்பிப் போய்விடும்.

பதினோரு வருஷம் உதவி டைரக்டராகக் கோடம்பாக்கத்தில் கால் தேய்ந்த அண்ணன் சிட்டிபாபுவின் முதல் படம், 'அறுவடைக்கு ஆள் இல்லை', இந்த வெள்ளிக்கிழமைதான் வெளியானது. இரண்டாவது வாரம் ஓடினால் அடுத்த படமும் உனக்குத்தான் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

டைரக்டர் என் அண்ணன் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் படம் என்பதால் யூனிஸ் இரக்கப்பட்டு இரண்டு மார்க் கூட்டிப் போடுவாள். அந்த இரக்கம் வேண்டாம் என்று நினைத்தாள். அவள் வளர்ந்த தெருவில் டிகிரி வாங்கிய முதல் பெண் அவள். இரக்கத்தில் வாங்கிய டிகிரி இல்லை அது.

மவுண்ட் ரோடு தியேட்டரில் இடைவேளை விட்டபோது அவள் மனசுக்குள் நாற்பத்தாறு போட்டிருந்தாள். பாரபட்சம் பார்க்காமல் போட்ட நாற்பத்தாறு. பிளாட் போட்டு விற்ற வயலில், சொந்தக்காரனே கல் பொறுக்கும் கூலிக்குப் போகிற கதை. கேமரா யார் முகத்திலும் அழு அழு என்று போய் ஒட்டவில்லை. 'அடேய் சிட்டி, நீயாடா இது' என்று இருட்டில் அவளுக்குக் கண் கலங்கியது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

கல்லூரி அட்மிஷன் வரிசை. கதாநாயகியின் அப்பா முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டியோடு, தோளில் துண்டோடு, சர்ட்டிபிகேட் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கிளார்க் கேட்கிறான்: "அப்பா வரலையா? இது யாரும்மா?" அவள் சொல்கிறாள்: "எங்க நிலத்துல வேலை பாக்கிறவர் சார்." நாலடி தள்ளி நிற்கும் அப்பா சிரிக்கிறார்.

தியேட்டரில் பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அது சாமுண்டீஸ்வரி சொன்ன வார்த்தை. ஆறு வருஷத்துக்கு முன், தாம்பரத்தில், ஜூன் மாசம், இதே மாதிரி ஒரு ஜன்னல் முன்னால் நின்று சொன்னது. அப்பாவுக்குப் பதிலாக அண்ணன் வீட்டிலேயே போட்ட கையெழுத்து பாரத்தில் இருந்தது. முன்னால் நின்ற பெண்களின் அப்பாக்கள் எல்லாம் பேன்ட் போட்டிருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது என்று அன்று முதல் தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் கூட வந்த அண்ணன் மட்டும் எங்கேயோ நின்று கேட்டிருக்கிறான். கேட்டதைப் பொத்தி வைத்திருந்து, இன்றைக்கு எழுபது எம்.எம். திரையில் ஊருக்குக் காட்டுகிறான்.

டிக்கெட்டின் முதுகில் இருபத்தைந்து என்று எழுதினாள். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள்.

பத்ரிநாராயணன் நாற்பது. யூனிஸ் நாற்பத்து மூன்று. இவள் இருபத்தைந்து. கூட்டி வகுத்தால் முப்பத்தாறு. இவள் முப்பத்தேழு போட்டிருந்தால்கூட படம் நாற்பதைத் தொட்டிருக்கும். மூடியை நிமிர்த்திய பத்ரிநாராயணன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சா? அப்படி என்னம்மா பண்ணிட்டான் பாவம்? சரி, எழுது."

எழுதினாள். ஒரே மூச்சில், ஒரு அடித்தல் இல்லாமல். 'பெற்ற தகப்பனை வேலைக்காரன் என்று சொல்லும் மகள் எந்த ஊரிலும் இருக்க மாட்டாள். இயக்குநருக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்பதற்கு இந்த நம்ப முடியாத காட்சியே சாட்சி' என்று முடித்தாள்.

"கத்தி மாதிரி இருக்கும்மா" என்றார் பத்ரிநாராயணன்.

*

"இன்னாடி, பேப்பரைப் பார்த்துகினு நிக்கிறே? போட்டுகீறானா இல்லியா?"

"போட்டிருக்காங்கப்பா."

"படி, படி. மெதுவா படி. உங்கம்மாவுக்கும் கேக்கணும்."

அவள் எழுதிய எழுத்து கறுப்பாக அவளையே பார்த்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்பாரே, அப்படி. அவர் நின்ற விதத்தைப் பார்த்த பிறகு எவளால் படிக்க முடியும்?

அவள் படித்தாள். அச்சில் இல்லாததைப் படித்தாள்.

"'அறுவடைக்கு ஆள் இல்லை... வயலை விற்றவனின் வயிற்றெரிச்சலைக் கூச்சல் இல்லாமல் சொல்லியிருக்கிறார் புது இயக்குநர் சிட்டிபாபு... ஒவ்வொரு முகமும் நம் பக்கத்து வீட்டு முகம்...'"

அஞ்சம்மாள் மீன் கையை முந்தானையில் துடைத்தாள். "அதான், அதான். நான் சொல்லலே?"

"சும்மா இரு. நடுவுல பேசாதே" என்ற ஜெயவேலு ஒரு அடி கிட்டே வந்தார். "அந்தக் காலேஜ் சீனைப் பத்தி இன்னா எழுதிகீறான்?"

சாமுண்டீஸ்வரி நிமிர்ந்தாள். படத்தில் எத்தனையோ காட்சி இருக்க, இதை ஏன் கேட்கிறார்? அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அது... உருக்கமா இருக்குன்னு போட்டிருக்காங்கப்பா."

"உருக்கம்." அந்த வார்த்தையை அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி. மார்க்கு?"

"நாற்பத்தாறு."

அந்தப் படத்துக்கு அவள் கொடுத்திருக்க வேண்டிய மார்க். கொடுக்காத மார்க் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஜெயவேலு பேப்பரை வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். வழக்கமான டீக்கடைக்குத்தான், நாலு பேரிடம் சொல்லிவிட்டு வரத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். அங்கே ஒருத்தன் பிரித்துப் படித்தால்கூட ஏதாவது சமாளித்துக்கொள்ளலாம். அச்சுப்பிழை என்று சொல்லலாம். அவள்தானே எழுத்துப்பிழை பார்க்கிறவள்.

பதினோரு மணிக்கு மீன் வறுபடும் வாசனை வந்தபோதுதான் அம்மா சொன்னாள்.

"உங்கப்பா சாப்பாட்டுக்கு வர நேரமாவும். பெயிண்டர் கோதண்டத்தை இட்டுகினு தாம்பரம் தியேட்டருக்குப் போய்கிறாரு. எல்லாப் படத்துக்கும் போஸ்டர் மேல குறுக்கால மார்க்கு எழுதி ஒட்டறாங்களாமே. நம்ம பையன் படத்துக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேட்டாரு."

"எந்த மார்க்கை?"

"இன்னாடி இது, நீதானே படிச்சே!"

*

கேம்ப் ரோடு ஸ்டாப்பில் பஸ் வரவில்லை. வந்த பஸ் நிற்கவில்லை. மூன்றாவது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஓடி, மேற்குப் பக்கம் இறங்கியபோது மேட்டினிக்கு வரிசை கட்டியிருந்தார்கள். வரிசை என்று சொல்வது மரியாதைக்காக. இருபது பேர்கூட இல்லை.

சந்திரமதி தியேட்டரின் சுற்றுச்சுவரில், அண்ணன் படப் போஸ்டரின் மேல், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெள்ளைத் தாள் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு மையில் கோதண்டம் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தான்.

'46 மார்க்! பட்டணச் செய்தி பாராட்டிய படம்!'

மை இன்னும் காயவில்லை. சாமுண்டீஸ்வரி சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் வருவதற்குள் வம்பு ஆரம்பித்துவிட்டிருந்தது.

வரிசையில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் பேப்பரை விரித்துப் பிடித்தான். "பெரியவரே, இங்க முப்பத்தாறுன்னு போட்டிருக்கு. மிச்சம் பத்து மார்க் நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

"கிரேஸ் மார்க்டா!" என்றான் அவன் கூட்டாளி. வரிசை சிரித்தது.

கோதண்டம் பசை வாளியைக் கீழே வைத்தான். "இன்னா நைனா இது, பேஜாரா கீது. நீ நாப்பத்தாறுன்னுதானே சொன்னே?"

"நாப்பத்தாறுதான். பார்த்து ஒழுங்கா படி தம்பி. நல்லா எழுதிகீறான் அதுல" என்றார் ஜெயவேலு. சட்டைக்குள்ளிருந்து தன் பேப்பரை எடுத்து நீட்டினார். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்தப் பையன்களின் சிரிப்பு இன்னும் கூடியது.

சத்தம் கேட்டு மேனேஜர் வேதாசலம் வெளியே வந்தார். ஜெயவேலுவை அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவர் அஞ்சம்மாளோடு படம் பார்க்க வந்தபோது சோடா வாங்கிக் கொடுத்தவர். போஸ்டரைப் பார்த்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னங்க இது? டைரக்டரோட அப்பா நீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா? நாளைக்குப் பேப்பர்காரன் என்னைத்தான் கேப்பான்."

"சார், நீங்க படிங்க. அந்தப் பசங்க வெளாடுதுங்க. நீங்க படிச்சா எனக்கு நம்பிக்கை."

வேதாசலம் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வரியில் திட்டி அனுப்பியிருப்பார். அவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தலைப்பிலிருந்து ஆரம்பித்து, பொறுமையாக, வார்த்தை வார்த்தையாக, காது மந்தமானவருக்குப் படிப்பது போலப் படித்தார். சாமுண்டீஸ்வரி எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் வெயிலில் நின்ற அந்த மனிதர் மேல் போய் விழுந்தது. எழுதும்போது எத்தனை சுகமாக இருந்தது! 'கத்தி மாதிரி'. இப்போது அது அறுக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்கிறாள்.

"'...பெற்ற தகப்பனை வேலைக்காரன் என்று சொல்லும் மகள் எந்த ஊரிலும் இருக்க மாட்டாள்...'"

"இருங்க சார்." ஜெயவேலு கையை உயர்த்தினார். "அதை இன்னொரு தடவை படிங்க."

வேதாசலம் படித்தார்.

"அப்படி ஒரு பொண்ணு இருக்கவே மாட்டான்னா போட்டுகீறான்?"

"ஆமாங்க. அப்படித்தான் போட்டிருக்கு."

"அது கரெக்ட்டுதான் சார்" என்றார் ஜெயவேலு. பிறகு அந்தப் பேப்பர்மேல் குனிந்தார். "மார்க்கு?"

"முப்பத்தாறு."

வரிசையில் இப்போது சிரிப்பு இல்லை. மேட்டினி மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

"உங்களுக்கு நாற்பத்தாறுன்னு யாருங்க படிச்சுச் சொன்னது?" என்று கேட்டார் வேதாசலம்.

ஜெயவேலு தலையைத் தூக்கினார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தார். அவள் நிற்பதை அப்போதுதான் பார்த்தார் என்பது இல்லை. அவள் பாலத்தில் இறங்கும்போதே பார்த்திருக்கிறார். அது அந்தப் பார்வையில் தெரிந்தது. சாமுண்டீஸ்வரி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'நான்தான் சார் படிச்சேன். நான் இவர் பொண்ணு.' அவ்வளவுதான். இரண்டே வரி. அச்சுக்கோக்கக்கூட நேரம் பிடிக்காத இரண்டு வரி. ஒரு அடி முன்னால் வைத்தால் போதும்.

"ரயில்வே ஸ்டேஷனாண்ட ஒரு பொண்ணு படிச்சுது சார்" என்றார் ஜெயவேலு. "யாரோ. நமக்குத் தெரிஞ்ச பொண்ணு இல்ல."

"சரிதான். அதுக்கும் படிக்கத் தெரியாது போலிருக்கு" என்றார் வேதாசலம், வேடிக்கையாக, அவரைத் தேற்றுகிற மாதிரி.

ஜெயவேலு சிரித்தார். திரையில் அந்த நடிகர் சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தார்.

அவள் அந்த ஒரு அடியை வைக்கவில்லை.

கோதண்டம் ஈரத் தாளைப் பிடித்து இழுத்தான். அது தனியாக வரவில்லை. கூடவே போஸ்டரும் கிழிந்து, கதாநாயகியின் முகமும் 'இயக்கம்: சிட்டிபாபு'வில் பாதியும் அவன் கையோடு வந்தன. "வுடு கோதண்டம். நாளைக்கு எப்படியும் வேற படம் ஒட்டுவாங்க" என்றார் ஜெயவேலு. வேதாசலம் அதை மறுக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

பாலத்தின் மேல் அப்பா முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் அவள். கீழே பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. ஒரு தடவை திட்டினால் தேவலை. நாலு பேர் பார்க்க ஓங்கி ஒரு அறை விட்டால் இன்னும் தேவலை. அவர் திரும்பவே இல்லை. கிழக்குப் பக்கம் இறங்கி, பஸ்ஸில் ஏறி, முன்பக்கம் பெண்கள் சீட்டில் இடம் இருப்பதைக் கையால் காட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு" என்றார் ஜெயவேலு.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

சாயங்காலம் ஆறு மணிக்குச் சிட்டிபாபு வந்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து தியேட்டர் தியேட்டராகச் சுற்றியவன். சட்டையில் மூன்று நாள் வியர்வை, முகத்தில் மூன்று நாள் தாடி. கையில் சுருட்டிய பேப்பர். அம்மா தட்டில் போட்ட மீனைத் தொடாமல் பின்கட்டுக்கு வந்து, துணி துவைக்கிற கல்லில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புரொட்யூசர் ஆபீசுக்குப் போன் பண்ணேன். கொஞ்ச நாள் வர வேணாம்னு சொல்லிட்டாங்க. 'கொஞ்ச நாள்'னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணா..."

"முப்பத்தாறு பத்திக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல, சாமுண்டி. படம் சரியில்லன்னா சரியில்லதான். பாட்டு ரெண்டு சொதப்பல், எனக்கே தெரியும்." அவன் பேப்பரைப் பிரித்தான். அந்த ஒரு வரியின் கீழே பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தான். "ஆனா இதைப் பாரு. நம்ப முடியாத காட்சியாம். கற்பனை வறட்சியாம். படத்துலயே நான் கற்பனை பண்ணாத ஒரே சீன் அதுதான்."

அவளுக்குள் மூன்று நாளாகக் கொதித்தது பொங்கி வந்தது. "தெரியும். நல்லாத் தெரியும். ஆறு வருஷம் மனசுலயே வச்சிருந்தியா?"

"என்ன ஆறு வருஷம்?" என்று விழித்தான் சிட்டிபாபு.

அந்த விழிப்பில் நடிப்பு இல்லை. அவனுக்கு நடிக்க வராது. சாமுண்டீஸ்வரியின் குரல் இறங்கியது.

"என் அட்மிஷனுக்குச் சைக்கிள்ல வந்தியே. அன்னிக்கு நீ எங்க நின்னுக்கிட்டிருந்தே?"

"இப்போ எதுக்கு அது? கேட்டுக்கு வெளியதான். வாட்ச்மேன் சைக்கிளை உள்ளே விட மாட்டேன்னுட்டான். ரெண்டு மணி நேரம் வெயில்ல காஞ்சேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு. அந்த சீன்..."

"அது அப்பா சொன்னது" என்றான் சிட்டிபாபு. "போன வருஷம் அவர்கிட்ட கதை சொல்லிக்கிட்டிருந்தேன். காலேஜ்ல ஒரு சீன் வேணும்பா, ஒண்ணும் பிடிபடலன்னேன். 'ஒரு பொண்ணு அப்பனை வேலைக்காரன்னு சொல்லிச்சாம்டா, அந்த ஆளு பையைப் பிடிச்சிகினு சிரிச்சிகினே நின்னானாம். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அது பயந்துகினு சொல்லிச்சு, படத்துல அதைக் கெட்டவளாக் காட்டிடாதே'ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. யாருப்பா அந்தப் பொண்ணுன்னு கேட்டேன்."

கிணற்றடித் தென்னையில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பது சாமுண்டீஸ்வரிக்கு அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

"'யாரோ. நமக்குத் தெரிஞ்ச பொண்ணு இல்ல'ன்னாரு."

வீட்டுக்குள்ளே அப்பா பரண் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. இன்றைய பேப்பரையும் மூலைக்கு மூலை மடித்து மேலே வைக்கிறார் போலிருக்கிறது.

"நாளைக்கு நான் உன் ஆபீசுக்கு வர்றேன்" என்றான் சிட்டிபாபு. "இதை எழுதின ஆளைப் பாக்கணும். சண்டை போட மாட்டேன், பயப்படாதே. அப்படி ஒரு பொண்ணும் நிஜமா உண்டு, அப்படி ஒரு அப்பாவும் உண்டுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடறேன். யார் எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"பேர் போட மாட்டாங்க அண்ணா."

"நீ விசாரிச்சு வை. பத்ரிநாராயணன்னு ஒருத்தர் இருக்காராமே, அவரையே நேராக் கேட்டுடலாம். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான். "காலைல எத்தனை மணி வண்டிக்குப் போவே?"

ஏணிச் சத்தம் நின்றுவிட்டது. பின்கட்டுக் கதவில் அப்பாவின் நிழல் விழுந்து, அங்கேயே நின்றது.

"எட்டு பத்து" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அன்று முழுக்க எதையும் மறைக்காமல் அவள் சொன்ன ஒரே பதில் அதுதான்.